காடிக்குள் பெட்ரோல் வாடையா? கண்ணாடியை இறக்கினால் போதாது!



அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றைப் பார்க்கச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நாம் சொல்லப் போகும் சங்கதி எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற சங்கதிதான்.

வீட்டு வாசலில் அவர்கள் காடி நின்றது. அதற்கு வயது இருபத்தெட்டு. வெளித் தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் முருகன் படம் ஒட்டி, இருக்கைக்குப் பூப்போட்ட உறை போட்டு வைத்திருந்தார் அந்தத் தம்பி. கிட்டே போனோம். குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது.

“என்ன தம்பி, பெட்ரோல் வாடை இப்படி அடிக்குதே?” என்று கேட்டோம்.

“ஆமாங்கய்யா, மூணு மாசமா அடிக்குது. கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஓட்டுனா அவ்வளவா தெரியாது” என்றார்.

கண்ணாடியை இறக்கினால் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். நெருப்புக்குத் தெரியாமல் போகுமா?

உடனே, “இது என்ன பொறுப்பில்லாத ஆள்!” என்று நினைத்து விடாதீர்கள். அந்தத் தம்பியின் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் பட்டணத்திற்குக் கொண்டு போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். தோட்டத்திற்குள் பஸ் வருவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதே காடியில்தான். “பட்டறையில விட்டா மூணு நாள் வெச்சுக்குவாங்க. அம்மாவ யாருங்கய்யா கொண்டு போறது?” என்று அவர் கேட்டபோது நமக்குப் பதில் வரவில்லை.

அலட்சியத்தால் அல்ல, பயத்தால்தான் அவர் தள்ளிப் போட்டிருக்கிறார். காடி நின்றால் குடும்பமே நின்று விடும் என்ற பயம். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வேலைக்கு மூன்று நாள் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது போதும்.

பானட்டைத் திறந்தோம்

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் தோட்டத்து டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரையும் கூப்பிட்டுக் கொண்டோம். இன்ஜின் நன்றாக ஆறி இருந்தது. பானட்டைத் தூக்கியதும் பெரியவர் எங்கும் தேடவில்லை. நேரே கைவிரலைக் கொண்டு போய் ஒரு சின்ன ரப்பர் குழாயை மெல்ல வளைத்தார். வளைத்த இடத்தில் வறண்ட வயல் மாதிரி வெடிப்பு விரிந்தது. கிளிப்புக்குப் பக்கத்தில் ஈரம். விரலை மோந்து பார்த்தார். “இதான்” என்றார்.

பெட்ரோல் தொட்டியிலிருந்து இன்ஜின்வரை பெரும்பாலும் இரும்புக் குழாய்தான் வருகிறது. ஆனால் இன்ஜின் ஓடும்போது ஆடும். காடியின் உடம்பு அதோடு சேர்ந்து ஆடாது. இரண்டுக்கும் நடுவே இரும்பைப் போட்டால் முறிந்து விடும். அதனால் வளைந்து கொடுக்கிற ரப்பர் ஹோஸ் போடுகிறார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய காடிகளில் இப்படிப் பல துண்டுகள் இருக்கும். தொட்டியிலிருந்து வரும் பெட்ரோலைப் பில்டர், பம்ப், கார்புரேட்டர் என்று கொண்டு போகிற ஹோஸ் ஒரு வகை. மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிற ஹோஸ் இன்னொரு வகை. பெட்ரோல் ஆவியைக் கொண்டு போகிற ஹோஸ் மூன்றாவது வகை. முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டு விடக் கூடாது. திரும்புகிற ஹோஸ் ஒழுகினாலும் அதே பெட்ரோல்தான், அதே நெருப்புதான்.

1985-ல் வந்த புரோட்டோன் சாகா, 1992-ல் வந்த இஸ்வாரா, 1994-ல் வந்த கன்சில் ஆகியவற்றில் தொடக்கத்தில் வந்தவை கார்புரேட்டர் காடிகளே. இவற்றில் பல இன்னும் தோட்டங்களில் ஓடிக் கொண்டிருக்கின்றன. ஓடட்டும், நல்லதுதான். ஆனால் அவற்றில் போட்ட ரப்பருக்கும் அதே வயது ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சூடு ரப்பரை நாளாக நாளாகக் காய்ச்சி இறுக்கி விடும். இன்ஜின் எண்ணெய் சொட்டினால் சில ரப்பர் ஊறிப் போகும். போதாக்குறைக்குச் செம்பனைக் காட்டு எலி வேறு! இரவில் சூடான இன்ஜின் பக்கம் வந்து ஒதுங்கி, வயரையும் ஹோஸையும் கடித்து வைத்து விட்டுப் போகும்.

ஹோஸ் கெட்டதற்கு அடையாளம் இவை: வளைத்தால் வெடிப்பு தெரிவது, அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இறுகி இருப்பது, அல்லது கொழகொழவென்று இருப்பது, கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பிப் போயிருப்பது, ஈரம் அல்லது காய்ந்த கறை தெரிவது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த ஹோஸ் போதும், அதன் காலம் முடிந்தது. ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றி விடுங்கள்.

நம் பால்மரத்து ரப்பர் இங்கே உதவாது

பெரியவர் இன்னொன்றையும் காட்டினார். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு மட்டும் புதிதாக, பளபளவென்று இருந்தது. “இது யாரு போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான் தாத்தா. போன வருஷம் போட்டேன். தண்ணி ஹோஸ்ல மிச்சம் கெடந்துச்சு, அளவு சரியா இருந்துச்சு” என்றார் தம்பி.

பெரியவர் அதை இரு விரலால் அழுத்தினார். ஊறப் போட்ட ரொட்டி மாதிரி அமுங்கியது.

இங்கேதான் நம் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ரப்பரைப் பற்றித் தோட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதற்குப் பின்னால் பெருகிய தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து வாழ்ந்தவர்கள். ஆனால் அந்த ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது. நம் சின்ன வயதில் ஒட்டுப்பாலைப் பெட்ரோலில் ஊற வைத்துப் பசை செய்ததைப் பார்த்திருக்கிறோம். ஒரு ராத்திரி ஊறினால் போதும், உப்பிக் கூழாகி விடும். சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டுகிற சொலூஷனும் அந்த மாதிரி எண்ணெயில் கரைத்த ரப்பர்தானே! (இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் விளையாட்டுப் பொருள் அல்ல.)

பெட்ரோல் ஹோஸுக்குள் இருக்கிற ரப்பர் மரத்தில் வடிந்தது அல்ல. அது பெட்ரோலையும் எண்ணெயையும் தாங்குவதற்கென்றே ஆலையில் செய்கிற நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர். 1930-களில் செருமனியில் முதலில் அதைச் செய்தார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒன்று மாதிரிதான் இருக்கும். ரேடியேட்டர் ஹோஸும் கறுப்புதான். ஆனால் அதன் ரப்பர் சுடுதண்ணீரைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாய், மீன் தொட்டிக் குழாய், காற்று பம்புக் குழாய், இவை எதுவும் ஆகாது. அளவு சரியாக இருப்பதால் மட்டும் அது பெட்ரோல் ஹோஸ் ஆகி விடாது.

நாம் பட்ட பாடு

தம்பியைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அதே தவற்றை நாமும் செய்தவர்கள்தான். 1986-ல் நம்மிடம் ஒரு பழைய ஜப்பான் காடி இருந்தது. பெட்ரோல் ஹோஸ் வெடித்தது. சம்பளத்திற்கு இன்னும் எட்டு நாள். வீட்டில் கிடந்த தண்ணீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டிப் போட்டோம். நன்றாகத்தான் ஓடியது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக் கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து, பின்னால் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் இருக்க, ஒரு கல்யாணத்திற்குப் போய்க் கொண்டிருந்தோம். இன்ஜின் இருமியது, பிறகு நின்றது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரன் அடித்து, “இறங்குங்க, இறங்குங்க! கீழ ஊத்துது!” என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால் அந்தக் குழாய் உப்பி, கிளிப்பிலிருந்து நழுவி, இன்ஜின் மேலெல்லாம் பெட்ரோல். சூடான புகைக் குழாய் அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

அன்று காடி எரியவில்லை. அது நம் புத்திசாலித்தனம் அல்ல, நாம் செய்த புண்ணியமும் அல்ல. தப்பித்தோம், அவ்வளவுதான். கல்யாணப் பட்டுப் புடவையோடு சாலை ஓரத்தில் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக் கொண்டு நின்ற வீட்டுக்காரியின் முகம் இன்னும் நமக்கு மறக்கவில்லை.

என்ன வாங்க வேண்டும்?

தம்பியின் காடியை எடுக்கவே விடவில்லை. நம் காடியில் அவரை ஏற்றிக் கொண்டு பட்டணத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். ஒழுகுகிற காடியை ஓட்டிக் கொண்டு ஹோஸ் வாங்கப் போவது, நெருப்பை மடியில் கட்டிக் கொண்டு தண்ணீர் தேடுவது மாதிரி.

கடையில் “பெட்ரோல் ஹோஸ்” என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஹோஸின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று உள் அளவு இருக்கும். ஒரே காடியில் இரண்டு அளவும் இருக்கலாம். நல்ல ஹோஸின் மேலே எழுத்து அச்சடித்திருக்கும். எஸ்.ஏ.இ. ஜே 30 என்று போட்டு, பக்கத்தில் ஆர் 6 அல்லது ஆர் 7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் காடிக்கு ஆகும். எழுத்தே இல்லாத ஹோஸை யார் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்ஜெக்‌ஷன் காடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கார்புரேட்டர் காடியில் பெட்ரோல் வரும் அழுத்தம் ஐந்து ராத்தல் அளவுக்குள்தான். இன்ஜெக்‌ஷன் காடியிலோ நாற்பது ராத்தல் அளவுக்கு இருக்கும். டயருக்கு நாம் அடிக்கிற காற்றே முப்பது ராத்தல்தான் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு ஆர் 9 என்று போட்ட ஹோஸும் அதற்கென்றே உள்ள கிளிப்பும் வேண்டும். இன்ஜினை அடைத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். கழற்றினால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள். உங்கள் காடி எந்த வகை என்று தெரியாவிட்டால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

கிளிப்பையும் புதிதாக வாங்குங்கள். சுற்றிலும் ஓட்டை வெட்டிய திருகு கிளிப்பு சின்ன ஹோஸை இறுக்கும்போது ரப்பரை அறுத்து விடும். ஓரம் மழமழப்பாக இருக்கிற, நட்டு வைத்துச் சமமாக இறுக்கும் கிளிப்பே நல்லது. பில்டர் பழையதாக இருந்தால் அதையும் மாற்றி விடுங்கள். தம்பிக்கு ஹோஸ், கிளிப்பு, பில்டர் எல்லாம் சேர்த்து நாற்பது வெள்ளியைத் தாண்டவில்லை. “இதுக்காகவா மூணு மாசம் பயந்துக்கிட்டு இருந்தேன்!” என்றார்.

மாற்றுவது எப்படி?

கைவேலை பழகியவர்கள் செய்யக் கூடிய வேலைதான் இது. ஆனால் பெரியவர் வேலையை ஸ்பானரிலிருந்து தொடங்கவில்லை, இடத்திலிருந்து தொடங்கினார். காடியைக் கொட்டகையிலிருந்து வெளியே, காற்றாட மரத்தடிக்குத் தள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டு அடுப்பு எங்கே எரிகிறது என்று பார்த்தார். வாசலில் சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் இல்லாமல் எடுக்கச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்த ஓர் இளைஞர் காதில் சிகரெட் வைத்திருந்தார். “நீ அந்தப் பக்கம் போ, ராசா” என்று அனுப்பி வைத்தார். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு முன்ஜாக்கிரதை.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பெட்ரோல் தொட்டி மூடியை ஒரு தடவை திறந்து மூடி, உள்ளே அடைந்த அழுத்தத்தை விட்டார். பழைய துணியைக் கீழே விரித்தார்.

ஹோஸை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போட்டால் எது எங்கே என்று தெரியாது. திரும்புகிற குழாயில் போகிற ஹோஸை மாட்டி விட்டால் காடி ஓடாது. பழைய ஹோஸ் ஒட்டிக் கொண்டு வராவிட்டால் முறுக்கி இழுக்காதீர்கள். கார்புரேட்டரின் மெல்லிய குழாய் வளைந்து விடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்து எடுங்கள். கீழே உள்ள உலோகத்தில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அந்த வழியாகப் பெட்ரோல் கசியும். இரும்புக் குழாயின் வாய் துருப்பிடித்திருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அரித்துப் போயிருந்தால் புது ஹோஸ் போட்டும் பயனில்லை. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

புது ஹோஸைப் பழைய துண்டின் நீளத்திற்கே, கூரிய பிளேடால் நேராக வெட்டுங்கள். குட்டையாக இருந்தால் இன்ஜின் ஆடும்போது இழுபடும். நீளமாக இருந்தால் மடிந்து அடைக்கும், அல்லது சூட்டில் போய் உரசும். குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஓர் அங்குலம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். கிளிப்பு மேட்டின் மேலே உட்காரக் கூடாது, மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும். வழுக்கிப் போக வேண்டுமானால் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் எண்ணெய் தடவலாம். பசை, சிலிக்கோன் எதுவும் வேண்டாம். “கிளிப்ப இறுக்கணும், கொன்னுடக் கூடாது” என்றார் பெரியவர். ரப்பர் கிளிப்பின் ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்தால் இறுக்கம் மிஞ்சி விட்டது என்று அர்த்தம்.

புகைக் குழாயையோ, விசிறி பெல்ட்டையோ, கூரான தகட்டையோ ஹோஸ் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, வாடை போகும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோம். அதன் பிறகே பேட்டரி வயரை மாட்டி, இன்ஜினை எடுத்தோம். ஒருவர் சாவியில், ஒருவர் பானட் பக்கம். ஒவ்வொரு கிளிப்பையும் காய்ந்த காகிதத் துணியால் சுற்றித் தொட்டுப் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. மறுநாளும் ஒரு தடவை இப்படிப் பார்க்கச் சொல்லி விட்டு வந்தோம். துடைத்த துணிகளைச் சமையற்கட்டுப் பக்கம் போடாமல், வெளியே வெட்டவெளியில் காயப் போட வேண்டும். இதையும் மறக்கக் கூடாது.

தீப்பிடித்து விட்டால்?

பானட்டிலிருந்து புகை வந்தால் ஓரம் கட்டி, உடனே சாவியை அடையுங்கள். எல்லாரையும் இறக்கித் தூரமாகக் கொண்டு போங்கள். முதலில் பிள்ளைகள், நடக்க முடியாதவர்கள். பானட்டை அகலத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ குப்பென்று முகத்துக்கு வரும். தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேலே மிதந்து தீயை இன்னும் பரப்பும். காடியில் பவுடர் தீயணைப்பான் இருந்து, தீ சின்னதாக இருந்தால், பானட் இடுக்கு வழியாக அடிக்கலாம். அடங்கவில்லை என்றால் விட்டு விடுங்கள். 999-க்குக் கூப்பிடுங்கள். காடி போனால் போகட்டும்.

நாம் கேட்டுக் கொள்வது ஒன்றுதான். பெட்ரோல் வாடையைப் பழகிக் கொள்ளாதீர்கள். பழைய காடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நல்ல காடி எவ்வளவு பழசானாலும் பெட்ரோல் வாடை அடிக்காது. ஐந்தாறு வருஷத்திற்கு ஒருமுறை, வெடிப்பு இல்லாவிட்டாலும், ஹோஸை மாற்றி விடுங்கள். தீபாவளிக்குச் சாயம் பூசுகிற காசில் ஒரு சின்னப் பங்குதான் அது. உங்கள் லயத்தில் கைவேலை தெரிந்த ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பி போன் செய்தார். அம்மாவைப் பட்டணத்திற்குக் கொண்டு போய்த் திரும்பி வந்து விட்டாராம். வழியெல்லாம் கண்ணாடியை ஏற்றியே வந்தார்களாம்.

“பாதி வழியில அம்மா கேட்டாங்கய்யா, ‘இது யாரு காடிடா, வாடையே வரலியே’ன்னு.”